தெருவுக்குப் பெயர் இல்லாத ஊரில்

ஷின்ஜுகு ரயில் நிலையத்துக்கு இருநூறுக்கும் மேற்பட்ட வாசல்கள். கொரோனாவுக்கு முந்தைய கணக்கில் நாளொன்றுக்குச் சராசரியாக 35 லட்சம் பேர் அதற்குள் வந்துபோனார்கள். உலகிலேயே அதிகக் கூட்டம் புழங்கும் ரயில் நிலையம் என்று கின்னஸ் புத்தகத்தில் அதற்கு இடம் உண்டு. டோக்கியோவுக்குப் புதிதாக வருகிறவர் பெரும்பாலும் முதல் நாளிலேயே இதற்குள் இறங்கிவிடுகிறார். மேற்கு வாசலில் ஏறினால் அரசு அலுவலகங்களும் வானளாவிய ஓட்டல்களும். கிழக்கு வாசலில் ஏறினால் கடைவீதியும் வண்ண விளக்குகளும். நடுவில் தண்டவாளங்கள். தப்பான பக்கம் ஏறிவிட்டவர், டிக்கெட் கதவுக்குள் மறுபடி நுழையாமல் அடுத்த பக்கம் போவதென்றால் 2020 வரை ஊரைச் சுற்ற வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஜூலையில்தான் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் பொதுவழி ஒன்றை நிலையத்தின் நடுவிலேயே திறந்துவிட்டார்கள்.

2024-ல் ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 3.69 கோடி. அதுவரை எந்த ஆண்டிலும் அத்தனை பேர் வந்ததில்லை. செர்ரிப் பூக்காலத்துக்கு முன்பணம் கட்டும் தமிழ்க் குடும்பங்களும் அதில் உண்டு. அவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று சொல்ல ஏராளமான பேர் இருக்கிறார்கள். பார்ப்பதற்கு முன்னால் வருகிற காரியத்தைத்தான் இங்கே பேச வேண்டும்: மொழி தெரியாத, எழுத்துப் புரியாத, சாப்பாடு பழகாத ஒரு மாநகரத்தில் ஒரு மனிதர் எப்படி நிலைகொள்கிறார்? அந்தப் பொறுப்பை முழுக்கப் பயணியின் தலையில் கட்டுவதுதான் நம் வழக்கம். “ஊரோடு ஒத்து வாழ்” என்று சொல்லி முடித்துவிடுகிறோம். டோக்கியோவைக் கவனித்தால் அது பாதிக் கதைதான் என்று தெரிகிறது. வந்தவர் ஊரைப் பழகுவது எவ்வளவு முக்கியமோ, வருகிறவரை எண்ணி ஊர் தன்னைத் திருத்திக்கொள்வதும் அவ்வளவு முக்கியம்.

முதலில் முகவரி. டோக்கியோ மாநகர அரசின் தலைமை அலுவலகம் இருப்பது ஷின்ஜுகு வார்டு, நிஷி-ஷின்ஜுகு, 2-8-1. இதில் தெருவின் பெயர் எங்கே என்று தேடினால் கிடைக்காது. நிஷி-ஷின்ஜுகு என்பது பேட்டை. 2 என்பது பேட்டைக்குள் ஒரு பகுதி. 8 என்பது அந்தப் பகுதிக்குள் நான்கு பக்கமும் தெரு சூழ்ந்த ஒரு மனைத்தொகுதி. 1 என்பது அதில் ஒரு கட்டடம். எண் தொகுதிக்கு உண்டு, தெருவுக்கு இல்லை. தொகுதிகளுக்கு இடையில் மிஞ்சுகிற இடைவெளிதான் தெரு. பெரிய சாலைகள் சிலவற்றுக்குப் பெயர் உண்டு. உள்ளே திரும்பினால் மைல் கணக்கில் பெயரற்ற சந்துகள்.

இந்த ஒழுங்கும் 1962-ல் வந்த சட்டத்தால் ஏற்பட்டது. அதற்கு முன் வீட்டு எண் என்பது நிலப்பதிவேட்டில் மனை பதிவான எண்தான். பக்கத்து வீட்டின் எண்ணுக்கும் உங்கள் வீட்டின் எண்ணுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. போரில் வென்று 1945-ல் டோக்கியோவுக்குள் வந்த அமெரிக்கப் படைக்கு இது பிடிபடவே இல்லை. அவர்கள் சாலைகளுக்கு ‘ஏ அவென்யூ’, ‘பி அவென்யூ’ என்றும், குறுக்குத் தெருக்களுக்கு எண்களாகவும் பெயர் வைத்து ஆங்கிலப் பலகைகளை நட்டார்கள். 1952-ல் ஆக்கிரமிப்பு முடிந்ததும் அந்தப் பெயர்கள் புழக்கத்திலிருந்து போய்விட்டன. ஆயுதத்தோடு வந்தவனுக்காகக்கூட அந்த ஊர் தன் முகவரியை மாற்றிக்கொள்ளவில்லை. இந்தச் சின்னச் செய்தியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அப்படியானால் உள்ளூர்க்காரர்கள் எப்படி வழி கண்டுபிடிக்கிறார்கள்? நம்மைப் போலத்தான். “அஞ்சாம் நம்பர் பஸ் ஸ்டாப்பில் இறங்கி, பிள்ளையார் கோயிலை ஒட்டின சந்து” என்று நாம் சொல்வதைப் போல, எந்த ரயில் நிலையம், எத்தனையாவது வாசல், ஏறியதும் கண்ணில் படும் கடை எது என்று சொல்லித் தொடங்குகிறார்கள். செல்பேசி வரைபடம் வருவதற்கு முன் கடைகளின் விசிட்டிங் கார்டின் பின்புறம் சின்ன வரைபடம் அச்சடித்திருப்பார்கள். விருந்துக்கு அழைப்பவர் கையாலேயே படம் வரைந்து அனுப்புவார். ஷிபுயா நிலையத்து வாசலில் இருக்கும் ஹச்சிகோ நாய்ச் சிலை ஊரே சந்தித்துக்கொள்ளும் இடமாக ஆனதற்கும் இதுதான் காரணம். 1934-ல் முதலில் வைத்த சிலை போர்க்காலத்தில் உருக்கப்பட்டு, 1948-ல் மறுபடி வார்த்து வைக்கப்பட்டது. தெருப்பெயர் இல்லாத ஊரில் அடையாளத்துக்கு அவ்வளவு மதிப்பு.

வழி கேட்பதற்கென்றே ஓர் ஏற்பாடும் அங்கே இருக்கிறது. ‘கோபன்’ எனப்படும் புறக்காவல் நிலையங்கள். 1874-ல் டோக்கியோவில் தொடங்கிய முறை இது. இன்று நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் உள்ளன. ஓர் அறை, ஒன்றிரண்டு போலீஸ்காரர்கள், சுவரில் அந்தப் பேட்டையின் ஒவ்வொரு கட்டடத்தையும் காட்டும் பெரிய வரைபடம். அவர்களுடைய அன்றாட வேலையில் பெரும்பங்கு வழி சொல்வது. ஜப்பானியரே போய்க் கேட்கிறார்கள், அதனால் வெளியூர்க்காரர் கூச்சப்படத் தேவையில்லை. வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள் நம் பெரியவர்கள். இங்கே வாய்கூட வேண்டாம், முகவரி எழுதிய தாளை நீட்டினால் போதும். வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டுவார், பல நேரம் வாசல் வரை வந்து திசையும் காட்டுவார்.

தொலைந்த பொருளும் இதே வழியில்தான் வந்து சேர்கிறது. டோக்கியோ போலீஸிடம் ஒப்படைக்கப்படும் பொருட்கள் கொரோனாவுக்கு முன்பே ஆண்டுக்கு 40 லட்சத்தைத் தாண்டிவிட்டன. மூன்று மாதம் காத்திருந்து உரியவர் வராவிட்டால் கண்டெடுத்தவர் கேட்டுப் பெறலாம். உரியவர் வந்தால் மதிப்பில் 5 முதல் 20 சதவீதம் வரை வெகுமதி கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. உரியவர் தேடி வராத பொருட்களில் குடைகள் ஏராளம்.

செல்பேசியில் வரைபடம் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் தோரு இஷிகாவாவும் அவருடைய குழுவினரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரே இடத்தில் சிலரைச் செல்பேசி வழிகாட்டியோடும், சிலரைக் காகித வரைபடத்தோடும், சிலரை ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டியும் நடக்கவிட்டார்கள். செல்பேசிக்காரர்கள் அதிக தூரம் நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பிறகு வந்த வழியை வரையச் சொன்னபோது, ஒருமுறை கூட்டிப்போனவர்களைவிட மோசமாக வரைந்தார்கள். திரையில் நீலப்புள்ளி நகர்கிறது, ஊர் மனதில் ஏறவில்லை. கெவின் லிஞ்ச் என்ற அமெரிக்க நகரத் திட்ட அறிஞர் 1960-லேயே இதன் மறுபக்கத்தைச் சொல்லிவிட்டார். பாதை, விளிம்பு, பேட்டை, சந்திப்பு, அடையாளச் சின்னம் என ஐந்தையும் கோத்துத்தான் மனிதர்கள் ஒரு நகரத்தை மனதில் கட்டுகிறார்கள் என்று பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ் மக்களிடம் பேசி எழுதினார். டோக்கியோவுக்குப் போகிறவர்களுக்கு என் யோசனை இது: முதல் நாள் எந்தச் சுற்றுலா இடத்துக்கும் போக வேண்டாம். தங்கியிருக்கும் பேட்டையைச் செல்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு ஒரு சுற்றுச் சுற்றிவர வேண்டும். தெருமுனைப் பலகையில் இருக்கும் வரைபடத்தைப் பார்க்கும்போது ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். அங்கே பல பலகைகளில் மேல்பக்கம் வடக்காக இருக்காது, நீங்கள் பார்த்து நிற்கும் திசைதான் மேலே இருக்கும்.

முதல் இரவு தூக்கம் வராது. சென்னைக்கும் டோக்கியோவுக்கும் இருக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம் ஒரு காரணம். இன்னொன்றை அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் கண்டறிந்தார்கள். புதிய இடத்தில் படுக்கும் முதல் இரவில் மூளையின் ஒரு பாதி, குறிப்பாக இடது பாதியின் ஒரு பகுதி, ஆழ்ந்து உறங்காமல் காவல் காக்கிறது. சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்கிறது. இரண்டாம் முறை படுக்கும்போது அது அடங்கிவிடுகிறது. ஆகவே முதல் நாளின் எரிச்சலை வைத்து ஓர் ஊரை எடைபோடுவது அந்த ஊருக்குச் செய்யும் அநியாயம்.

இனி ஊர் தன் பங்குக்குச் செய்ததைப் பார்ப்போம். 1964 ஒலிம்பிக் போட்டிக்கு உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வரவிருந்தார்கள். அவர்களில் ஜப்பானிய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் மிகச் சொற்பம். மசாரு கட்சுமி என்ற வடிவமைப்பு விமர்சகரின் தலைமையில் இளம் ஓவியர்கள் ஓர் அறையில் கூடி உட்கார்ந்து, விளையாட்டுகளுக்கும் கழிப்பறை, உணவகம், தொலைபேசி போன்றவற்றுக்கும் எழுத்தே இல்லாத படக்குறிகளை வரைந்தார்கள். வேலை முடிந்ததும் காப்புரிமையை விட்டுக்கொடுக்கச் சொன்னார் கட்சுமி. எல்லோரும் கையெழுத்திட்டார்கள். இன்று விமான நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் கழிப்பறையைக் காட்டும் ஆண், பெண் உருவங்களின் வம்சாவளியில் அந்த அறைக்கு முக்கிய இடம் உண்டு. நம்மூர் சினிமா தியேட்டரில் அவசர வழிக்கு மேலே எரிகிற, பச்சை நிறத்தில் ஓடும் மனிதனும் ஜப்பானில் பிறந்தவன்தான். வரைந்தவர் யுகியோ ஓட்டா.

நடைபாதைகளிலும் ரயில் பிளாட்பாரங்களிலும் மஞ்சள் நிறத்தில் புடைத்த கோடுகளும் புள்ளிகளும் கொண்ட ஓடுகள் பதித்திருக்கிறார்களே, பார்வையற்றோருக்கான அந்த ஓடுகளை 1965-ல் உருவாக்கியவர் ஒகயாமா நகரத்துச் செய்ச்சி மியாகே. 1967 மார்ச்சில் அவ்வூரில் முதன்முதலாகப் பதித்தார்கள். சென்னை மெட்ரோவில் இறங்கும்போது காலுக்குக் கீழே இருப்பதும் அதே யோசனைதான். பிறகு 2004-ல் டோக்கியோ மெட்ரோ நிலையங்கள் எல்லாவற்றுக்கும் எழுத்தும் எண்ணும் கொடுத்தார்கள். கின்ஸா நிலையம் ஜி-09, அசகுசா ஜி-19. பெயரைப் படிக்கத் தெரியாவிட்டாலும் இன்னும் பத்து நிலையம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். உள்ளூர்க்காரர்களுக்கு இந்த எண் தேவையே இல்லை. முழுக்க முழுக்க அந்நியருக்காகச் செய்த செலவு இது. ஒரு மாநகரம் எவ்வளவு பெரியது என்பதை உயரமான கட்டடங்களைவிட இப்படிப்பட்ட பலகைகளில்தான் நான் பார்க்கிறேன்.

ஊர் விட்டுக்கொடுக்காத விஷயங்களும் இருக்கின்றன. ரயிலுக்குள் யாரும் செல்பேசியில் பேசுவதில்லை. எஸ்கலேட்டரில் டோக்கியோவில் இடப்பக்கம் நிற்பார்கள், ஒசாகாவுக்குப் போனால் வலப்பக்கம். தெருவில் குப்பைத்தொட்டி தென்படாது. 1995 மார்ச் 20 அன்று சுரங்க ரயில்களில் ஒரு மதக்குழு சரின் நச்சுவாயுவைப் பரப்பியது. அதன்பின் பாதுகாப்புக்காகப் பொது இடங்களிலிருந்து தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். குடித்த காப்பிக் குவளையைப் பையில் வைத்து அறைக்குக் கொண்டுபோக வேண்டும். ஓட்டலில் டிப்ஸ் கிடையாது, வைத்துவிட்டு வந்தால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள். நள்ளிரவு தாண்டியதும் ரயில்கள் நின்றுவிடும். அடுத்தது விடிகாலை ஐந்து மணிவாக்கில்தான். இதற்கெல்லாம் பழகப் பெரிய அறிவு வேண்டாம். முன்னால் நிற்கிறவர் செய்வதைப் பார்த்துச் செய்தால் இரண்டு நாளில் கை கால்களுக்கே தெரிந்துவிடும்.

நாக்குக்குத் தெரிவதற்குத்தான் நாளாகும். குறிப்பாகச் சைவம் சாப்பிடுகிறவருக்கு டோக்கியோ கடினமான ஊர். “இறைச்சி வேண்டாம்” என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள், சிரித்த முகத்தோடு காய்கறிக் குழம்பும் வரும். ஆனால் அதற்கு அடியில் ‘தஷி’ இருக்கும். கட்சுவோபுஷி என்ற உலர்ந்த சூரை மீனைச் சீவி, கொம்பு என்ற கடற்பாசியோடு கொதிக்கவைத்து எடுத்த சாறு அது. தூத்துக்குடி, குமரிக்காரர்களுக்கும் இலங்கைத் தமிழர்களுக்கும் இது சொன்னதும் விளங்கிவிடும். மாசிக் கருவாட்டின் நெருங்கிய உறவு. சம்பலில் மாசி போடாமல் ஒரு யாழ்ப்பாணத்து வீடு எப்படிச் சமாளிக்குமோ தெரியாது. தஷி இல்லாமல் ஜப்பானியச் சமையலறை ஓடவே ஓடாது. மிசோ சூப், நூடுல்ஸ் குழம்பு, அவித்த கீரை எதுவானாலும் அதன் ருசி அங்கிருந்துதான் வருகிறது. சமையல்காரர் ஏமாற்றுவதாக நினைத்துக் கோபப்படுவது தவறு. மீன்சாறு அவருக்கு அசைவமாகவே தோன்றுவதில்லை. “மீன், தஷி, இறைச்சி, முட்டை எதுவும் சாப்பிட மாட்டேன்” என்று ஒவ்வொன்றாகப் பிரித்து ஜப்பானிய எழுத்தில் எழுதிய அட்டையைக் கையில் வைத்திருப்பதே பாதுகாப்பு. முழுச் சைவம் வேண்டுமென்றால் பௌத்த மடங்களின் ‘ஷோஜின் ரியோரி’ இருக்கிறது. பூண்டு, வெங்காயம்கூட இல்லாத அந்தச் சமையலில் தஷியைக் காளானிலும் கடற்பாசியிலும் எடுப்பார்கள். விலை சற்று அதிகம்.

அன்றாடப் பசிக்குக் ‘கொன்பினி’ எனும் இருபத்துநான்கு மணி நேரக் கடைகள்தான் கைகொடுக்கும். ஜப்பானின் முதல் செவன்-இலெவன் 1974-ல் டோக்கியோவின் தொயோசுவில் திறந்தது. அங்கே முக்கோணமாகப் பிடித்த ஒனிகிரிச் சோறு விற்பார்கள். சைவக்காரர்கள் பெரும்பாலும் எடுப்பது உப்பில் ஊறிய உமே பழம் வைத்தது. புளிப்பும் உப்புமாக, நம் உப்பு நாரத்தை சாப்பிட்ட நாக்குக்கு அது அந்நியமாகத் தெரியாது. சோற்றுக்கும் கடற்பாசித் தாளுக்கும் நடுவே பிளாஸ்டிக் உறை ஒன்று இருக்கும், பாசி ஈரமாகாமல் மொறுமொறுப்பாக இருப்பதற்காக. உறையின் மேல் 1, 2, 3 என்று போட்டிருக்கும். நடுக்கோட்டைக் கிழித்து, வலது முனையையும் இடது முனையையும் இழுத்தால் பாசி சோற்றைப் போர்த்திக்கொள்ளும். வரிசையை மாற்றினால் பாசி கிழிந்து கையில் வரும். கல்லாவில் காசை நேரே கையில் கொடுக்காமல் தட்டில் வைக்க வேண்டும். ஐந்து யென் நாணயத்தில் நமக்குத் தெரிந்த எண் இருக்காது, ஜப்பானிய எழுத்தில் மட்டுமே மதிப்பு உண்டு. நடுவில் ஓட்டையுள்ள மஞ்சள் காசு என்றால் ஐந்து, வெள்ளைக் காசு என்றால் ஐம்பது.

அந்நியர் ஒருவர் தன் சாப்பாட்டையே அந்த ஊரின் சாப்பாடாக ஆக்கிய கதையும் ஷின்ஜுகுவில்தான் நடந்தது. 1915-ல் பிரிட்டிஷ் போலீஸிடமிருந்து தப்பி ஜப்பானுக்கு வந்தார் இந்திய விடுதலைப் போராளி ராஷ் பிஹாரி போஸ். நாடுகடத்த ஆணை பிறந்ததும் நாகமுராயா என்ற ரொட்டிக்கடையின் உரிமையாளர்களான சோமா தம்பதி அவரைத் தங்கள் இடத்தில் ஒளித்துவைத்தார்கள். 1918-ல் அவர்களுடைய மகள் தோஷிகோவை மணந்தார். போஸ் காட்டிக்கொடுத்த பக்குவத்தில் 1927-ல் அந்தக் கடை இந்தியக் குழம்பும் சோறும் பரிமாறத் தொடங்கியது. பின்னாளில் இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை நேதாஜியிடம் ஒப்படைத்த அதே போஸ்தான். நாகமுராயாவில் அந்தக் குழம்பு இன்றும் கிடைக்கிறது.

தங்கிப் பிழைக்க வந்தவர்களைப் பார்க்க டோஸாய் சுரங்க ரயிலில் ஏறி நிஷி-கசாய் போக வேண்டும். 2000-ம் ஆண்டுக் கணினிச் சிக்கலைத் தீர்க்க அழைக்கப்பட்ட இந்திய மென்பொருள் பொறியாளர்கள் எடோகாவா வார்டின் இந்தப் பேட்டையில் கூடினார்கள். காரணம் எளியது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் இருக்கும் ஓதேமாச்சி, நிஹொன்பாஷிக்கு அங்கிருந்து நேர் ரயில். அதைவிடப் பெரிய காரணம் வீடு. ஜப்பானில் தனியார் வீடு வாடகைக்கு எடுக்க உள்ளூர்க்காரர் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும், வீட்டுக்காரருக்குத் திரும்பி வராத ‘நன்றிப் பணம்’ தர வேண்டும். நிஷி-கசாய் பக்கம் நிறைய உள்ள பொதுத்துறை அடுக்குமாடிகளில் இரண்டும் வேண்டாம். ஒரு விதியைத் தளர்த்தியதால் ஒரு பேட்டையின் முகமே மாறியது. இன்று இட்லி மாவும் மளிகையும் கிடைக்கிற, தீபாவளிக்குப் பூங்காவில் கூட்டம் கூடுகிற இடம் அது. தமிழ்க் குடும்பங்கள் அங்கே பழகும் முதல் பாடம் குப்பை: எரியக்கூடியது, எரியாதது, பாட்டில், காகிதம் என்று பிரித்து, அதற்குரிய கிழமையில், காலையில் மட்டும் வெளியே வைக்க வேண்டும். நாள் மாறினால் பை அங்கேயே கிடக்கும்.

மாலை ஐந்து மணி சுமாருக்குப் பல வார்டுகளில் தெருவோர ஒலிபெருக்கிகளிலிருந்து குழந்தைப் பாட்டின் மெட்டு ஒன்று கேட்கும். புதிதாக வந்தவர்கள் கோயில் என்று நினைப்பார்கள், பள்ளிக்கூடம் என்று நினைப்பார்கள். பிள்ளைகள் வீடு திரும்ப வேண்டிய நேரத்தைச் சொல்லும் மெட்டுதான். அதோடு, நிலநடுக்கத்துக்கான எச்சரிக்கை ஒலிபெருக்கி வேலை செய்கிறதா என்று நாள்தோறும் சோதித்துக்கொள்வதும் அதிலேயே முடிந்துவிடுகிறது.

அந்த ஒலிபெருக்கி உண்மையான எச்சரிக்கை தரும்போது வெளிநாட்டுக்காரருக்கு என்ன புரியும் என்ற கேள்வி ஜப்பானை உலுக்கியது 1995 ஜனவரியில், கோபே நிலநடுக்கத்தின்போது. ஆறாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்த அந்தப் பேரழிவில், அறிவிப்புகள் புரியாமல் வெளிநாட்டவர் கூடுதலாக அவதிப்பட்டார்கள். எல்லா மொழியிலும் உடனே மொழிபெயர்க்க ஆளில்லை. ஆங்கிலம் தெரியாத அயலவர்களும் ஏராளம். ஹிரோசாகி பல்கலைக்கழக மொழியியலாளர்கள் இதற்கு ஒரு வழி சொன்னார்கள்: ஜப்பானிய மொழியையே எளிமையாகப் பேசுவோம். மேட்டு நிலத்துக்கு அப்புறப்படுக என்பதற்குப் பதில் “உயரமான இடத்துக்கு ஓடுங்கள்”. சின்ன வாக்கியம், தெரிந்த சொல், எழுத்துக்கு மேல் உச்சரிப்பு. இந்த ‘எளிய ஜப்பானிய’த்தை இன்று நகராட்சிகள் அறிவிப்புகளில் கையாளுகின்றன. முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதுவே எளிதாக இருக்கிறது. ஜப்பானியர்கள் தங்கள் தாய்மொழியையே அந்நியருக்காக வளைத்துக்கொண்டார்கள் என்பதில் எனக்கு மிகப் பெரிய மரியாதை.

டோக்கியோ போகும் தமிழர்கள் பயணத் திட்டத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளட்டும். ஓட்டல் சாவி கைக்கு வந்ததும் வெளியே நடந்து, பச்சை நிறத்தில் ஓடும் மனிதன் வரைந்த பலகையைத் தேட வேண்டும். அது நிலநடுக்கத்தின்போது அந்தப் பேட்டைக்காரர்கள் ஒதுங்கும் பூங்காவையோ பள்ளிக்கூடத்தையோ காட்டும். பெரியவர்களையும் பிள்ளைகளையும் அங்கே ஒருமுறை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள். ஜப்பான் சுற்றுலா முகமையின் ‘சேஃப்டி டிப்ஸ்’ செயலியை விமானம் ஏறும் முன்பே செல்பேசியில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். நிலநடுக்க எச்சரிக்கை அதில் ஆங்கிலத்திலும் வரும்.